சம்பவத்தின் சாரம்

செல்லப்பன் விழுந்ததை லெப்பைக்குடிக்காட்டில் அந்தத் தெருவே பார்த்தது. பார்க்காதவர்கள் சத்தத்தைக் கேட்டார்கள். சத்தம் கேட்காதவர்களும் அவன் பெண்டாட்டி கலியம்மாள் போட்ட கூச்சலைக் கேட்டார்கள். கேட்காமல் போனது ஒரே ஒரு காதுதான். அது பெரம்பலூரில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்தது. அதற்கு அஞ்சேல் ஜெனரல் இன்சூரன்ஸ் கம்பெனி என்று பெயர்.

செல்லப்பன் கொத்தனார். கலியம்மாள் அவனுக்குச் சித்தாள். நைனா முகமது துபாயில் வெயிலில் காய்ந்து சம்பாதித்துக் கட்டிய மாடி வீட்டில் முன்பக்கச் சுவருக்குப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. சவுக்குக் கம்புகளை நட்டுக் கயிற்றால் இறுக்கிப் பலகை போட்ட சாரம், மூன்று தட்டு. மேல் தட்டில் செல்லப்பன் நின்றான். நடுத் தட்டிலிருந்து கலியம்மாள் ஏற்றிவிட்ட கலவைச் சட்டியை வாங்கக் குனிந்தான். பலகை புரண்டது. சட்டி முதலில் வந்தது, அவன் பின்னாலேயே வந்தான். வலது கால் முழங்காலுக்குக் கீழே ஒடிந்து, பாதம் பார்க்க வேண்டிய திசையை விட்டு வேறு திசையைப் பார்த்தது.

வேலையை எடுத்துச் செய்தவர் குன்னத்து இளையபெருமாள் மேஸ்திரி. ஐந்தாவது வரை படித்தவர். அதற்கு மேல் படித்தவர்களை நம்பாதவர். இன்சூரன்ஸ்காரர்களை அறவே நம்பாதவர். "விழுந்தா பணம் தரேன்னு ஒருத்தன் சொல்றான்னா, அவன் தினம் காலையில என்னன்னு சாமி கும்பிடுவான்? இவனுங்க விழக் கூடாதுன்னா, விழுந்தாலும் நாம குடுக்கக் கூடாதுன்னா?" என்று கேட்பார்.

அப்படிப்பட்ட மனிதரைப் பாலிசி எடுக்க வைத்தது நைனா முகமதுதான். "துபாய்ல இன்சூரன்ஸ் இல்லாம ஒரு ஆணி அடிக்க விடமாட்டான் மேஸ்திரி. என் வூட்டு வேலையில ஒரு உசுருக்கு ஏதாவது ஒண்ணுன்னா நாளைக்கு நான் அல்லாஹ்கிட்ட பதில் சொல்லணும். போட்டுருங்க" என்றார். பாலிசி போட கிளை மேலாளர் அன்பழகன் காரிலேயே நேரில் வந்தார். சாரத்துக்குக் கீழே நின்று எல்லாரோடும் போட்டோ எடுத்துக்கொண்டார். "இனிமே உங்க ஆளுங்க விழுந்தா தரையில விழ மாட்டாங்க மேஸ்திரி, எங்க கையிலதான் விழுவாங்க" என்றார். விழுந்த அன்று பார்த்தால் கீழே தரைதான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்தபோது எலும்பு கோணலாகச் சேர்ந்துகொண்டிருந்தது. திருச்சியில் ஒரு எலும்பு டாக்டர் படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "மறுபடியும் ஒடிச்சு, நேராக்கி, பிளேட்டு வைக்கணும். சீக்கிரம் வாங்க. எலும்பு கெட்டிப்பட்டுட்டா இவர் சாரம் ஏறுறத மறந்துட வேண்டியதுதான், படிகூட ஏற முடியாது" என்றார். சர்க்கார் காப்பீட்டு அட்டையில் கலியம்மாள் பேர் இருந்தது, செல்லப்பன் பேர் எப்படியோ விட்டுப் போயிருந்தது. அஞ்சேலை விட்டால் வேறு வழியில்லை. அந்தப் பக்கம் எலும்பு கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் இளையபெருமாள் மாடிப்படி ஏறினார்.

அஞ்சேல் ஆபீசில் அவருக்கு முன்னால் ஒரு கிழவர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். பலகையில் 'அஞ்சேல்' என்று இருந்ததை 'அஞ்சல்' என்று படித்து, தபால் ஆபீஸ் என்று நினைத்து, ஆர்.டி. கட்ட வந்தவராம். அவரிடம் பணத்தை வாங்கிக்கொண்டு ஆட்டுக்கு ஒரு பாலிசி போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவரிடம் ஆடு கிடையாது. "ஆடு வாங்கிட்டா சரியாப் போயிடும் தாத்தா" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கவுண்டரில் இருந்த பானுப்ரியா என்ற பெண் இளையபெருமாளிடம் படிவத்தைக் கொடுத்தாள். பம்பாயில் எவனோ உட்கார்ந்து தமிழாக்கிய படிவம். 'விபத்து நிகழ்வதற்கு முன் அது குறித்துத் தகவல் தெரிவித்தீர்களா' என்று ஒரு கேள்வி. 'இறந்தவர் எனில் அவரது கையொப்பம் (இயலுமாயின்)' என்று ஒரு கோடு. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டே வந்தவர் ஒரு கட்டத்தில் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

'சம்பவத்தின் சாரம்.'

முதல் தடவையாக அந்தக் கம்பெனி மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது. 'பரவால்லியே. வேலை தெரிஞ்சவன் எவனோ ஒருத்தன் உள்ள இருக்கான். சாரம் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறான் பாரு' என்று நினைத்தார். உடனே சந்தேகமும் வந்தது. சாரம் மோசம் என்று சொல்லிப் பழியைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறானோ? அதற்கு இடம் கொடுக்காமல், கொட்டை எழுத்தில் எழுதினார்: 'சவுக்குச் சாரம். மூணு தட்டு. நார்க்கயிறு. கம்பு எல்லாம் முத்தல். நல்ல நிலைமையில் இருந்தது.'

கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. 'தாங்கள் அனுப்பிய சம்பவத்தின் சாரத்தைப் பரிசீலித்தோம். எல்லாம் நல்ல நிலைமையில் இருந்ததாகத் தெரிவித்துள்ளீர்கள். தங்கள் மனநிறைவே எங்கள் மூலதனம். தங்கள் கோப்பு மகிழ்ச்சியுடன் முடித்து வைக்கப்படுகிறது.'

இளையபெருமாள் போனில் அன்பழகனைப் பிடித்து, அரை மணி நேரம் கத்தினார். போனில் கத்துவதைக் கம்பெனி 'மேல்முறையீடு' என்று பதிவுசெய்துகொள்ளும். அதற்கும் கடிதம் வந்தது. 'தங்கள் சாரம் போதுமானதாக இல்லை. தெளிவான, முழுமையான சாரத்தை நேரில் கொண்டுவந்து சமர்ப்பிக்கவும்.'

அவர் கடிதத்தை நைனா முகமதுவிடம் காட்டினார். "சாரத்தையே கொண்டான்னு கேக்குறானே பாய். இது அடுக்குமா?"

"அங்கயும் அப்படித்தான் மேஸ்திரி. ஒடஞ்ச சாமானக் கண்ணுல காட்டுனாத்தான் கிளைம். ஏசி ஒடஞ்சா ஏசியக் கொண்டாம்பான்."

"கத்திக்குத்து கேசுல கத்தியக் கேக்குற மாதிரின்னு சொல்லுங்க."

"அதேதான். கொண்டு போய்ப் போடுங்க அவன் தலையில."

பாதிச் சுவர் பூசாமல் கிடந்தது. இருந்தாலும் சாரத்தைப் பிரித்தார்கள். கம்பு, பலகை, கயிறு எல்லாவற்றையும் ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றி, நீட்டிக்கொண்டிருந்த கம்புகளின் நுனியில் சிவப்புத் துணி கட்டி, பெரம்பலூருக்குக் கொண்டுபோய், பேக்கரி வாசலில் இறக்கினார்கள். நீளக் கம்புகள் மாடிப்படித் திருப்பத்தில் திரும்பவில்லை. பேக்கரிக்காரன் பப்ஸ் தட்டோடு வெளியே ஓடிவந்தான். அன்பழகன் கீழே இறங்கி வந்தார்.

"என்ன மேஸ்திரி இது?"

"சாரம் சார்."

"சாரமா? எதுக்கு?"

"நீங்கதான சார் கேட்டீங்க, தெளிவா முழுசா வேணும்னு? ஒரு கம்பு விடாமக் கொண்டாந்துட்டேன். இந்தாங்க, புரண்ட பலகை இதுதான். ரத்தம்கூட அப்படியே இருக்கு பாருங்க."

அன்பழகன் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். அடியில் இருந்தது அவர் கையெழுத்து. அந்தக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டவர் தப்புச் செய்துவிட்டேன் என்று சொல்கிற வழக்கம் கிடையாது. சொன்னால் அதற்குத் தனிப் படிவம் இருக்கிறது, அது இன்னும் அச்சாகி வரவில்லை.

"கேட்டோம்தான்" என்றார் நிதானமாக. "கேட்டது வந்தா வாங்கித்தான் ஆகணும். நடைமுறைன்னு ஒண்ணு இருக்கு. பானுப்ரியா, சீல் எடுத்துட்டு வாம்மா."

பானுப்ரியா வெயிலில் குந்தி உட்கார்ந்து கம்புக்குக் கம்பு சீல் குத்தினாள். குத்திக்கொண்டே, மேலாளர் அந்தப் பக்கம் போனதும், மெதுவான குரலில் சொன்னாள்: "ஐயா, தப்பா நினைச்சுக்காதீங்க. படிவத்துல சாரம்னு போட்டிருக்கறது இதை இல்லீங்க. என்ன நடந்துச்சுன்னு சுருக்கமாச் சொல்றதுக்குப் பேரும் சாரம்தாங்க."

இளையபெருமாளுக்கு முதலில் வெட்கம் வந்தது. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, அதன் மேலேயே கோபம் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"ஏம்மா, அப்ப என்ன நடந்துச்சுன்னு கேட்டுத் தொலைய வேண்டியதுதான? கொத்தனாருக்குப் பாலிசி போடுறான், கொத்தனாருகிட்ட சாரம்னா அவன் எதைன்னு நினைப்பான்?"

"நாங்க எழுதலீங்க. பம்பாய்லேருந்து வருது."

அவர் படியேறி அன்பழகன் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"சரி சார். சுருக்கமாவே சொல்லிடுறேன். விழுந்தான். கால் ஒடஞ்சிது. எழுதிக்குங்க."

அன்பழகன் தலையை ஆட்டினார். "இது சாரம் இல்ல மேஸ்திரி. இது சம்பவம். சம்பவம் வேற கட்டத்துல வரும்."

"ரெண்டும் ஒண்ணுதான சார்?"

"ஒண்ணா இருந்தா நாங்க எதுக்கு ரெண்டு கட்டம் போடப்போறோம்? யோசிங்க." அவருக்கு வருத்தமாகக்கூட இருந்தது. "உங்களுக்காகத்தான் மேஸ்திரி எல்லாத்தையும் தமிழ்ல போட்டோம். இங்கிலீஷ்ல இருந்தப்ப யாருக்கும் ஒண்ணும் புரியல, ஒரு பிரச்சினையும் வரல. தமிழ்ல போட்டதுலேருந்துதான் ஆளாளுக்குப் புரிஞ்சிக்க ஆரம்பிச்சிட்டாங்க. உங்க ஃபைல் மேல விசாரணைக்கு ஆள் அனுப்புறேன், போங்க."

விசாரணைக்கு வந்தவர் முத்தமிழ்செல்வன் என்ற சர்வேயர். அரியலூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்து முடிக்கும்வரை தலைக்கவசத்தைக் கழற்றவில்லை. கட்டுமான இடத்தில் எதுவும் விழலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆள் விழலாம் என்பதில்தான் சந்தேகம்.

"சாரம் எங்க?" என்றார்.

"உங்க ஆபீஸ்ல இருக்கு சார்" என்றார் இளையபெருமாள்.

"அது ஆபீஸ்ல இருக்குற சாரம். நான் கேக்குறது சம்பவ இடத்துச் சாரம்."

"அதைத்தான் பிரிச்சி அங்க கொண்டுபோய்ப் போட்டிருக்கு."

"பிரிச்சிட்டீங்களா? விசாரணை முடியறதுக்கு முன்னாடி தடயத்தப் பிரிச்சிட்டீங்களா?"

"நீங்கதான்யா கேட்டீங்க!"

"நான் கேக்கல. கிளை கேட்டிருக்கும். நான் வேற, கிளை வேற." அவர் எழுதிக்கொண்டார். "விழுந்தத யாரு பாத்தது?"

"நான் பாத்தேன்" என்றாள் கலியம்மாள். "என் கண்ணு முன்னாடிதான் விழுந்தாரு. என் கையிலேருந்துதான் சட்டிய வாங்குனாரு."

"நீங்க யாரு?"

"அவரு பொண்டாட்டி."

"அப்ப நீங்க வேண்டியவங்க. செல்லாது."

"கூட வேலை செஞ்சவங்க நாலு பேரு பாத்தாங்க. இந்தத் தெருவே பாத்துச்சு."

"கூட வேலை செஞ்சவங்களும் வேண்டியவங்கதான். தெருக்காரங்க வீட்டுக்காரருக்கு வேண்டியவங்க. சம்பந்தமே இல்லாத ஆளு ஒருத்தர் வேணும்."

இளையபெருமாள் தலைத் துண்டை அவிழ்த்து உதறினார். "சம்பந்தமே இல்லாதவன் எதுக்கு சார் இன்னொருத்தன் வூட்டுச் சாரத்தடியில வந்து நிக்கிறான்? திருடத்தான் நிப்பான்."

"அப்படி யாராச்சும் இருந்தா சொல்லுங்க, வாக்குமூலம் வாங்கிக்கலாம்" என்றார் முத்தமிழ்செல்வன். அவர் கிண்டல் செய்யவில்லை.

பிறகு அவர் கண் மேலே போனது. முன்பக்கத் தூணில் ஒரு திருஷ்டி பொம்மை தொங்கியது. வைக்கோல் அடைத்து, பழைய சட்டை மாட்டி, மீசை வரைந்த பொம்மை. செல்லப்பனே கட்டியது.

"அது எதுக்கு?"

"கண்ணு பட்டு எதுவும் ஆயிடக் கூடாதுன்னு கட்டுறதுதான் சார்."

"அதாவது, ஏதாவது ஆகும்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரிஞ்சிருக்கு. தெரிஞ்ச ஆபத்தப் பாலிசி எடுக்கறப்ப கம்பெனிகிட்ட சொல்லாம மறைச்சிருக்கீங்க."

நைனா முகமது குறுக்கே வந்தார். "நான் அந்த பொம்மையெல்லாம் வேணாம்னுதான் சொன்னேன் சார். அவங்க மனசு கேக்கல, கட்டிட்டாங்க. நமக்கென்ன, எல்லாத்தையும் அல்லாஹ் பாத்துக்குவான்."

சர்வேயரின் பேனா நின்றது. "யாரு பாத்துக்குவாங்கன்னீங்க?"

"அல்லாஹ்."

"அப்ப ஏற்கெனவே இன்னொரு இடத்துலயும் பாதுகாப்பு இருந்திருக்கு. இரட்டைக் காப்பீடு. அதையும் எங்ககிட்ட சொல்லல."

நைனா முகமது அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தம்பி, அந்த இடத்துல கிளைம் கேட்டா உங்கள மாதிரி ஆள அனுப்ப மாட்டாங்க. எழுதிக்கிட்டுப் போங்க."

அவர் எழுதிக்கொண்டு போனார். அறிக்கையின் நகல் இளையபெருமாளுக்கு வந்தது. 'சம்பவ இடத்தில் சாரம் காணப்படவில்லை. சாரம் இல்லாமல் மூன்றாம் தட்டு உயரத்தில் ஒரு நபர் நிற்க இயலாது. நிற்காத நபர் விழ இயலாது. ஆகவே திரு. செல்லப்பன் விழவில்லை.'

இளையபெருமாள் அதைச் செல்லப்பனுக்குப் படித்துக் காட்டினார். கயிற்றுக் கட்டிலில் காலை நீட்டிக் கிடந்த செல்லப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "விழலைன்னா அப்ப நான் இன்னும் மேலதான் நிக்கிறேனா மேஸ்திரி?"

"மேலயும் நிக்கலியாம்டா. சாரம் இல்லாம எப்படி நிப்ப?"

"அப்ப எங்கதான் இருக்கேன்?"

"அதுக்குத் தனியா மனு போடணும்" என்றார் இளையபெருமாள். சிரிக்க வேண்டும் என்றுதான் சொன்னார். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. காலில் தோலுக்கு அடியில் எலும்பு புடைத்து, கோணலாகத் தெரிந்தது.

கடைசியாகக் கலியம்மாளே டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை எடுத்துக்கொண்டு இளையபெருமாளோடு ஆபீசுக்குப் போனாள். பேக்கரி ஓரம் அவர்கள் சாரம் அப்படியே கிடந்தது. ஒரு கம்பில் பேக்கரிக்காரன் துணி காயப்போட்டிருந்தான். அன்பழகன் சீட்டை வாங்கிப் படித்ததும் முகம் மலர்ந்தார்.

"எலும்பு கூடிக்கிட்டிருக்குன்னு டாக்டரே எழுதியிருக்காரேம்மா. ரொம்ப சந்தோஷமான விஷயம்."

"கோணலாக் கூடிக்கிட்டிருக்குன்னு எழுதியிருக்குங்களே சார். இன்னும் நாளானா ஒடைக்கக்கூட முடியாதாம்."

"கோணல் வந்து அழகு சம்பந்தப்பட்டது. நம்ம பாலிசியில அழகு வராதும்மா. கூடிச்சா இல்லையாங்கறதுதான் நமக்கு முக்கியம். கூடிடுச்சு."

கலியம்மாள் மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்தாள். "உன் மூஞ்சி பின்பக்கமாத் திரும்பிக் கூடிக்கிச்சுன்னா, அழகு சம்பந்தப்பட்டதுன்னு விட்டுருவியாய்யா? இந்த மனுசன் காலு இருந்தாத்தான் எங்க வூட்டுல அடுப்பு எரியும். உனக்குப் பொண்டாட்டி புள்ள இருக்கா இல்லையா?"

அன்பழகன் அவள் பின்னால் இருந்த பலகையைக் காட்டினார். 'ஊழியர்களிடம் கனிவாகப் பேசவும்' என்று அதில் எழுதியிருந்தது. ஊழியர்கள் எப்படிப் பேச வேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. இளையபெருமாள் கலியம்மாள் தோளைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். படியிறங்கும்போது அவள் அழவில்லை. "மண்ணாப் போவானுங்க" என்று மட்டும் சொன்னாள்.

இதெல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் அழைப்பிதழ் வந்தது. பளபளப்பான தாள். கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பு விழா, அரியலூரில் ஒரு கல்யாண மண்டபத்தில். இளையபெருமாள் அவர்களுக்கு 'விபத்தில்லா ஒப்பந்ததாரர்' விருது. முதலில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தார். அன்பழகனே போன் செய்தார்.

"அவசியம் வந்துடணும் மேஸ்திரி. உங்க சைட்லதான் விசாரணை பண்ணி, விபத்தே இல்லன்னு எழுத்துபூர்வமா நிரூபிச்சிருக்கோம். மத்தவங்க சைட்ல சும்மா வாய்வார்த்தைதான்."

இளையபெருமாள் அழைப்பிதழை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வரேன் சார். என் ஆளையும் கூட்டியாறேன்."

"தாராளமா வாங்க. டீ, வடை எல்லாம் இருக்கு."

நைனா முகமதுவின் காரில் பின்சீட்டு முழுக்கச் செல்லப்பனைப் படுக்கவைத்துக் கொண்டுபோனார்கள். முன்னால் சுண்ணாம்புக்கல் லாரிகள் தார்ப்பாய் படபடக்கப் புழுதி கிளப்பிக்கொண்டு போயின. மண்டபத்தில் திருமானூர், ஜெயங்கொண்டம், வேப்பந்தட்டை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் வேன் வைத்துக் கொத்தனார்களையும் கம்பி கட்டுகிறவர்களையும் டைல்ஸ் போடுகிறவர்களையும் கூட்டிவந்திருந்தார்கள். வேலை கெட்டு வந்தவர்கள். பாலிசியைப் புதுப்பிக்கத்தான் கூட்டம், பாதுகாப்பு வெறும் மேல்பூச்சு. வாசலில் ஆளுக்கு ஒரு மஞ்சள் தலைக்கவசம் கொடுத்தார்கள். 'போட்டோ எடுத்ததும் திருப்பிக் கொடுக்கவும்' என்று ஒவ்வொன்றிலும் ஒட்டியிருந்தது.

அன்பழகன் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அன்பார்ந்த உழைப்பாளர்களே! பெருமையோட சொல்லிக்கிறேன். இந்த வருஷம் நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஒரு கொத்தனார்கூட விழல." கைத்தட்டலுக்காக நின்றார். முதல் வரிசையில் இருந்த கம்பெனி ஆட்கள் தட்டினார்கள். "விழுந்துட்டோம்னு சொல்லிக்கிட்டு நெறைய பேர் வந்தாங்க. ஒருத்தரையும் நாங்க திருப்பி அனுப்பல. ஒவ்வொருத்தரையும் உக்கார வெச்சு விசாரிச்சோம். விசாரிக்க விசாரிக்க, ஒருத்தரும் விழலன்னு தெரிய வந்துது. சில பேருக்குத் தாங்க விழலங்கற விஷயமே நாங்க சொல்லித்தான் தெரிஞ்சுது. பாதுகாப்புன்னா என்ன? கீழ வலை கட்டுறதா? இடுப்புல பெல்ட் மாட்டுறதா? அதெல்லாம் பழைய காலம். நடக்கப்போற விபத்த யார் வேணா தடுக்கலாம். நடந்து முடிஞ்ச விபத்தத் தடுக்கறது யாரு? அதுதான் அஞ்சேல்!"

பிறகு இளையபெருமாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தைக் கையில் கொடுத்து, கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் கேமராவைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டார்.

"எனக்குப் பேச வராது. நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். தோ, அந்த நாற்காலியில உக்காந்திருக்கான் பாருங்க, செல்லப்பன். என்கிட்ட வேலை பாத்த கொத்தனாரு. இவன் விழவே இல்லன்னு இவங்க எழுதிக் குடுத்திருக்காங்க. எலும்பு கூடிடுச்சுன்னும் இவங்களேதான் சொன்னாங்க. சரி, நான் படிக்காதவன், எனக்குத் தெரியல. விழாதவன், எலும்பு கூடுனவன், அப்ப நடக்கணுமில்ல? சார், நீங்களே அவன நடக்கச் சொல்லுங்க."

கூட்டம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பத்திரிகைக்காரன் ஒருத்தன் கேமராவைத் தூக்கினான். அன்பழகன் ஒரு கணம் தயங்கினார். ஆனால் ஒலிபெருக்கி முன்னால் நிற்கிற மேலாளருக்குத் தன் கம்பெனி எழுதியதை நம்பாமல் இருக்க முடியாது.

"வாங்க செல்லப்பன்!" என்றார் கையை நீட்டி. "தைரியமா வாங்க. அஞ்சேல் உங்க கூட இருக்கு."

செல்லப்பன் இளையபெருமாளைப் பார்த்தான். "வேணாங்க, போவாதீங்க" என்று கலியம்மாள் சட்டையைப் பிடித்தாள். அவன் அவள் கையை விலக்கினான். இரண்டு பேர் தூக்கி மேடையில் ஏற்றிவிட்டார்கள். கையிலிருந்த ஊன்றுகோலை அவர்களிடமே கொடுத்தான். விழாதவனுக்குக் கோல் எதற்கு?

இடது காலை வைத்தான். வலது காலை வைத்தான். அதன் மேல் உடம்பை ஏற்றினான்.

மண்டபத்தின் கடைசி வரிசை வரைக்கும் அந்தச் சத்தம் கேட்டது. காய்ந்த விறகை முழங்காலில் வைத்து ஒடித்த சத்தம். கலியம்மாள் ஓடிவந்து அவன் தலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டர் மயக்க மருந்து கொடுத்து ஒடிக்க வேண்டிய எலும்பைக் கம்பெனி மருந்தில்லாமல், மைக் வைத்து, ஒடித்துக் கொடுத்தது.

அன்பழகன் முதலில் சொன்ன வார்த்தை "போட்டோ எடுக்காதீங்க" என்பது. இரண்டாவதாகச் சொன்னது: "இது வேலை இடம் கிடையாது. மண்டபத்துக்குள்ள விழுந்திருக்காரு. இது மண்டபத்து இன்சூரன்ஸ்லதான் வரும்."

மண்டபத்து மேனேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். "எவன் சொன்னான்? மண்டபம் எங்களுது, மேடை நீங்க போட்டது! உங்க மேடையிலதான் விழுந்தான்! நான் கண்ணால பாத்தேன்!"

"மேடை தரை மேலதான இருக்கு? அவர் விழுந்தது கடைசியில உங்க தரை மேலதான்!"

"எங்க தரைக்கு அவன் வரவே இல்ல, உங்க பலகையோட நின்னுட்டான்!"

செல்லப்பன் விழுந்தான் என்று முதல் தடவையாக இரண்டு அதிகாரிகள், பல பேர் முன்னால், வாயால் ஒத்துக்கொண்டார்கள். எங்கே விழுந்தான் என்பதில்தான் தகராறு. அதற்குள் சர்வேயர் முத்தமிழ்செல்வனைக் கூப்பிட ஆள் போயிருந்தான்.

இளையபெருமாள் கேடயத்தைக் கீழே போட்டார். பொன்னாடையை உருவிக் கீறி, செல்லப்பனின் காலோடு கோலைச் சேர்த்து வைத்து இறுக்கிக் கட்டினார். அந்தத் துணிக்கு அன்றைக்கு ஒரு வேலை கிடைத்தது. மஞ்சள் தலைக்கவசத்தோடு கீழே நின்றவர்கள் ஒவ்வொருவராக மேடை ஏறிவந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. ஒருத்தன் மேடை மேசையைக் கவிழ்த்துப் பூச்சாடிகளைக் கொட்டினான், செல்லப்பனை அதன் மேல் கிடத்தித் தூக்கிப் போக. இன்னொருத்தன் நைனா முகமதுவைக் காரை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினான். "திருச்சிக்குத்தான், நேரா!" என்றார் இளையபெருமாள். "வழியில ஒரு ஆபீஸ்லயும் நிக்கக் கூடாது. என் வூட்ட வித்தாவது வெச்சித் தொலைக்கிறேன் அந்தப் பிளேட்ட."

செல்லப்பன் கண்ணைத் திறந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"மேஸ்திரி... இப்ப நான் விழுந்துட்டேனா?"

"விழுந்துட்டடா. ஒத்துக்கிட்டானுங்க."

அவன் கையை ஊன்றித் தலையைத் தூக்கப் பார்த்தான். இளையபெருமாள் அவன் மார்பில் கைவைத்து அழுத்தினார்.

"எந்திரிச்சிராத. எந்திரிச்சா இதையும் விழலன்னு எழுதிடுவானுங்க."